மஞ்சள் வராத திரை

மும்பை செம்பூரில் ஒரு பார்சல் கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்தேன். எங்கள் கிளைகளின் கம்ப்யூட்டர்களை இணைக்கும் லைன்கள் எவ்வளவு நிரம்பியிருக்கின்றன என்று காட்ட ஒரு சாஃப்ட்வேர் இருந்தது. சாதாரணமாக இருந்தால் திரையில் பச்சை. எழுபத்தைந்து சதவீதத்தைத் தாண்டினால் மஞ்சள். உடனே கிளைக்குப் போன் போட்டு, அவசரமில்லாத வேலைகளை நிறுத்தச் சொல்ல வேண்டும். அந்த எழுபத்தைந்தைப் போட்டவன் நான். அதை மாற்றும் பாஸ்வேர்டும் என்னிடம் மட்டும்தான். அதில் எனக்குப் பெருமை கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

திரையைக் கவனிப்பது தாராவியிலிருந்து வந்த ஒரு பெண்ணின் வேலை. திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், கான்ட்ராக்டில் இருந்தாள். மஞ்சள் வந்தால் நாற்காலியில் இருந்தபடியே, "அண்ணே, தாணேக்கு மஞ்சக்காமாலை!" என்று கத்துவாள். தமிழ் தெரியாதவர்களும் சிரிப்பார்கள்.

தாணே குடோன் தினமும் மதியம் கேமரா பதிவுகளை அனுப்பும். லைன் நிரம்பும். நான் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும் நேரம் பார்த்து என் போன் அலறும். ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு எரிச்சலில் தாணேக்கு மட்டும் எழுபத்தைந்தைத் தொண்ணூற்றெட்டு ஆக்கினேன். பதிவு அனுப்பும் நேரத்தை மாற்றச் சொல்லிவிட்டுப் பழையபடி வைத்துவிடலாம் என்று எண்ணம். அவளிடம் சொல்லவில்லை. சாப்பாடு நிம்மதியாக இறங்கியது. அதோடு மறந்தும் போனேன்.

கணபதி பண்டிகைக்கு முந்தைய நாள் புக்கிங் குவிந்தது. காலையிலிருந்தே தொண்ணூறுக்கு மேல் ஓடிய தாணே லைன் பதினொரு மணிக்கு அடைத்துக்கொண்டு நின்றது. மேனேஜர் இறங்கி வருகிறார் என்றார்கள். என் கை தானாகப் போய் அந்த எண்ணைத் திரும்ப எழுபத்தைந்து ஆக்கியது. யோசித்துச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். யோசிக்கவில்லை என்றும் சொல்ல முடியவில்லை.

மேனேஜர் எண்ணைப் பார்த்தார், காலை முதலான கிராஃபைப் பார்த்தார். மூன்று மணி நேரம் மஞ்சள் இருந்திருக்க வேண்டுமே, எங்கே பார்த்துக்கொண்டிருந்தாய் என்று அவளிடம் இந்தியில் கத்தினார். எச்சரிக்கை வந்ததா இல்லையா என்ற பட்டியல் தனியாக இருந்தது. அதைத் திறக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "பச்சையாத்தாம்ணே இருந்துச்சு. கண்ணு வாங்காமப் பாத்துக்கிட்டுதாம்ணே இருந்தேன். நீங்களாவது சொல்லுங்கண்ணே."

"செக் பண்றேன்" என்றேன். கோழைத்தனத்துக்கு ஆபீஸில் இவ்வளவு மரியாதையான சொல் வேறு கிடையாது. அந்த மாதத்தோடு அவள் கான்ட்ராக்ட் முடிந்தது.

போன வருடம் சுனாபட்டி ஸ்டேஷனில் அவளே என்னைக் கூப்பிட்டாள். ஒரு கடையில் பாக்கிங் வேலை செய்வதாகச் சொன்னாள். கம்ப்யூட்டர் வேலை கிடைக்கவில்லையா என்று கேட்டேன்.

"வந்துச்சுண்ணே. நாந்தான் வேண்டாம்னுட்டேன். அன்னைக்கு அவ்வளவு நேரம் மஞ்சளா இருந்தது என் கண்ணுல படலியே. டாக்டர் கண்ணுல ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாரு. எனக்குத்தான் என் மேல நம்பிக்க இல்ல."

இப்போதாவது சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"என்னால உங்களுக்கும் அன்னைக்குக் கெட்ட பேருதானண்ணே. மன்னிச்சுக்கிடுங்க."

"பரவாயில்லம்மா" என்றேன்.