இருந்தது ஒரே ஒரு படுக்கை

அந்த முதியோர் இல்லத்தில் சமையற்காரர் முதல் மேலாளர் வரை எல்லோருக்கும் அவள் 'சிஸ்டர்'தான். யாருக்கு மாத்திரையைப் பொடித்துக் கொடுக்க வேண்டும், யார் அதை நாக்குக்கடியில் ஒளித்துவைத்துப் பிறகு ஜன்னல் வழியே துப்புவார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

தொற்று உள்ளே நுழைந்ததும் ஊழியர்களில் பாதிப் பேர் படுத்துவிட்டார்கள். காலையில் முதலில் யாரைப் பார்ப்பது என்பதே பெரும்பாடாகிவிட்டது. மூச்சு வாங்குகிறவர்கள் முதலில், காய்ச்சல்காரர்கள் அடுத்து, குளிப்பாட்டுவதும் தலைவாருவதும் முடிந்தபோது என்று அவளே ஒரு முறை வகுத்துக்கொண்டாள். அழுக்குத் தலையோடு யாராவது அவளைப் பார்த்தால், பார்க்காததுபோல் கடந்துபோகப் பழகினாள்.

ஒரு முற்பகலில், ஒரே அறையில் இருந்த இருவருக்கும் ஒன்றாக மூச்சுத் திணறியது. ஒருவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். சர்க்கரை, பலவீனமான இதயம், ஊருக்கே கேட்கும் தொண்டை. மற்றவர் தையல்காரர்; அதிர்ந்து பேசாத மனிதர், திடமான உடம்பு. மருத்துவமனையில் ஒரு படுக்கைதான் காலி.

"யாரு பொழைக்க வாய்ப்பு அதிகமோ அவங்கள அனுப்புங்க," என்றார் டாக்டர் போனில். "பக்கத்துல இருக்கிறது நீங்கதான் சிஸ்டர். நீங்களே சொல்லுங்க."

அவள் தையல்காரரைச் சொன்னாள்.

ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் இங்கயே இருந்துடறேனே சிஸ்டர். அங்க எனக்கு யாரையும் தெரியாது."

"சும்மா பயப்படாதீங்க. ஜம்முன்னு திரும்பி வருவீங்க பாருங்க."

கண்டக்டருக்கு இல்லத்தில் இருந்த சின்ன ஆக்சிஜன் இயந்திரத்தைப் பொருத்திக் குப்புறப் படுக்க வைத்தாள். வெளியே வந்து ஆயாவிடம், "கஷ்டப்படாம போகட்டும். வாய மட்டும் நனைச்சுக்கிட்டே இரு," என்றாள்.

நடந்ததோ தலைகீழ். தையல்காரர் முகம் மூடிய அந்நியர்கள் நடுவே இறந்துபோனார். கண்டக்டர் எழுந்து உட்கார்ந்து, சூப்பில் உப்பில்லை என்று சண்டை பிடித்தார். அதோடு விடவில்லை.

"என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப சிஸ்டருக்கு மனசே வரல," என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். "பெத்த பொண்ணு மாதிரி கூடவே வச்சுப் பாத்துச்சு." கேட்கும்போதெல்லாம் அவள் கூனிக்குறுகிப் போவாள்.

கட்டுப்பாடுகள் தளர்ந்ததும், அப்பாவின் துணிமணிகளை வாங்கிப்போகத் தையல்காரரின் மகள் வந்தாள். "எங்கப்பாவைத்தான் முதல்ல அனுப்பினீங்களாம். மறக்க மாட்டேன்க்கா. போகும்போது ஏதாவது சொன்னாரா?"

"தைரியமாத்தான் போனார்மா." பொய் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

மறுநாள், கண்டக்டர் மீண்டும் பெத்த பொண்ணு என்று ஆரம்பித்தபோது அடக்க முடியவில்லை.

"ஐயா, பாசத்துல வச்சுக்கல. நீங்க தாங்க மாட்டீங்கன்னு நெனச்சுத்தான் அவரை அனுப்பினேன்."

அவர் தொண்டை முதன்முறையாகத் தணிந்தது. "அப்போ என்னைக் கைகழுவிட்டீங்க."

"ஆமாய்யா."

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவள் வாசலை எட்டியபோது குரல் வந்தது. "இங்கயே இருக்கேன்னு அவரு கெஞ்சினது எனக்கும் கேட்டுச்சு. அவரு பொண்ணுகிட்ட அதச் சொன்னீங்களா?"

அன்று மாலையே அவள் தையல்காரரின் மகளுக்குப் போன் செய்தாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். மறுமுனையில் அழுகை மட்டுமே கேட்டது.

"அவர் கேட்டபடி அங்கயே விட்டிருக்கலாமேக்கா," என்று சொல்லி மகள் வைத்துவிட்டாள். பிறகு அழைக்கவேயில்லை.

கண்டக்டர் கொஞ்ச நாள் வேறு நர்ஸிடம்தான் ஊசி போட்டுக்கொண்டார். அப்புறம் ஒருநாள் இவளிடம், "அந்த நர்ஸ் குத்தினா உயிர் போகுது," என்று முணுமுணுத்துச் சட்டைக்கையைச் சுருட்டிக் காட்டினார். முகத்தைப் பார்க்கவில்லை. அவள் ஊசியைப் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.