பொன்னாடை தின்ற ஞாயிற்றுக்கிழமை

1996, ஆவணி மாதத்து ஞாயிறு. காலை ஆறு மணிக்குத் திசையன்விளையில் பஸ் ஏறினேன். பாளையங்கோட்டைக்கு டிக்கெட் பன்னிரண்டு ரூபாய். கடையைப் பூட்டிவிட்டு ஊர் சுற்றுகிற ஆள் இல்லை நான். ஆனால் அந்தக் கோடையில் எங்கள் வீட்டுக் கிணறு உப்பாகிவிட்டது. அந்தத் தண்ணீரில் பருப்பு வேகவில்லை. அந்த நேரம் பார்த்து என் மளிகைக் கடைச் சுவரில் யாரோ ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். 'புதிய சிந்தனைகள்: ஒரு நாள் பேச்சரங்கம்'. கடைசித் தலைப்பு, 'மழைநீரால் உப்புக் கிணற்றை மீட்கலாம்'. பேசுபவர் ஜைனம்பு, கல்லூரி ஆசிரியை. அது போதும் என்று கிளம்பிவிட்டேன்.

நாங்குநேரியில் டீக்கு நிறுத்தினார்கள். பக்கத்து இருக்கைக்காரர், "எங்க அண்ணாச்சி, கல்யாண வீடா?" என்றார்.

"பேச்சு கேக்கப் போறேன்."

"வீட்ல கேக்கது பத்தலையா வே?" என்று சிரித்தார்.

மண்டபத்தில் பத்து மணிக்குத் தொடங்க வேண்டியது, பதினொன்றுக்குத் தொடங்கியது. வரவேற்புரை. வரவேற்றவரை வரவேற்று இன்னொருவர். பிறகு பொன்னாடை. தலைவருக்கு ஒன்று, தலைவரைக் காரில் கூட்டி வந்தவருக்கு ஒன்று, மைக் செட்டுக்காரருக்கும் ஒன்று. பிளாஷ் எரியவில்லை என்று ஒருவருக்குக் கழற்றி மறுபடியும் போர்த்தினார்கள்! எனக்கு வயிறு எரிந்தது. சிந்தனை எங்கே ஐயா, சிந்தனை?

மாலை நாலரைக்கு ஜைனம்பு வந்தார். கையில் ஒரு கண்ணாடி ஜாடி, கொஞ்சம் மணல், கூழாங்கல், ஒரு பாட்டிலில் செம்மண் கலக்கிய தண்ணீர். "நம்ம கூரையில விழுத மழை..." என்று ஆரம்பித்ததுதான் தாமதம், சீக்கிரம் முடிக்கச் சொல்லித் துண்டுச் சீட்டு போனது. ஐந்து நிமிடத்தில் மணி அடித்து, அவர் தோளிலும் ஒரு பொன்னாடையைப் போட்டு இறக்கிவிட்டார்கள்.

பொறுக்க முடியாமல் எழுந்துவிட்டேன். "துணி போர்த்துனது போதும் வே! அந்த டீச்சரைப் பேச விடுங்க!"

விழாச் செயலாளர் ஓடி வந்தார். "கோவிச்சுக்கிடாதீய அண்ணாச்சி, நன்றியுரைக்கு நேரமாச்சு. அடுத்த வருசம் ஒங்களுக்கும் ஒரு பொன்னாடை போட்டுருவோம்."

மேடையில் டம்ளர் டம்ளராகத் தாமிரபரணித் தண்ணீர். அதைக் குடிக்கிறவர்களுக்கு உப்புக் கிணற்றுக்காரன் பாடு எங்கே தெரியப்போகிறது? வெளியே வந்தேன். ஜைனம்பு ஜாடியை அணைத்தபடி படியிறங்கிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், எங்க கெணறு உப்பாயிட்டு. அதுக்காவத்தான் இம்புட்டுத் தூரம் வந்தேன்."

அவர் அப்படியே படியில் உட்கார்ந்தார். "இரிங்க அண்ணாச்சி. எனக்கும் சொல்லாமப் போனா ஒறக்கம் வராது."

முதல் மழையை வெளியே விட்டுவிட வேண்டும். அப்புறம் பெய்வதைக் குழாய் வைத்து, கல்லும் மணலும் நிரப்பிய தொட்டி வழியாகக் கிணற்றில் இறக்க வேண்டும். குழாய் வாயில் துணி கட்ட வேண்டும். சொல்லிக்கொண்டே தோளில் கிடந்த பொன்னாடையை உருவி, நாலாக மடித்து, ஜாடியின் வாயில் கட்டினார். அதன்மேல் மணலையும் கூழாங்கல்லையும் பரப்பி, பாட்டிலில் இருந்த செம்மண் தண்ணீரை ஊற்றினார். தெளிந்து சொட்டியது. சுற்றிலும் கூட்டம் சேர்ந்துவிட்டது. மண்டபத்துக்குள் நன்றியுரை யாருக்காக நடந்ததோ! இத்தனை வருடம் கூரைத் தண்ணீரைத் தெருவில் ஓடவிட்டோமே என்று எனக்கு ஒரே ஆத்திரம். அதோடு, இப்போதே ஊருக்குப் போய்க் குழாய் மாட்ட வேண்டும் என்று கை பரபரத்தது.

"இதையும் கொண்டு போங்க. எனக்கு எதுக்கு?" என்று பொன்னாடையைக் கொடுத்தார்.

ஐப்பசியில் குழாய் வாயில் அதைக் கட்டினேன். சரிகையோடு கிணற்றடியில் அது தொங்குவதைப் பார்த்து என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். கார்த்திகை மழை கொட்டித் தீர்த்தது. உப்பு முழுக்கப் போய்விடவில்லை. ஆனால் பருப்பு வெந்தது.

அடுத்து திருநெல்வேலிக்குச் சரக்கு எடுக்கப் போன கையோடு அந்தச் செயலாளரைத் தேடிப் பிடித்தேன்.

"எனக்குப் பொன்னாடை போடுதேன்னு சொன்னீரே, அதை இப்பவே தாரும் வே. பக்கத்து வீட்டுக் கெணறும் உப்புதான்."