நான் பிறந்த கரையில் என் மகள்

காலையில் எங்கள் அகதி முகாம் வாசலில் டவுன் பஸ் வந்து நின்றதும் நான் நாக்கை மாற்றிக்கொள்வேன். முகாமுக்குள் ‘ஒண்டு’, பஸ்ஸுக்குள் ‘ஒண்ணு’. உள்ளே கதைப்பது, வெளியே பேசுவது. உள்ளே சீனி, வெளியே சக்கரை. முப்பத்தைந்து வருடப் பழக்கம், யோசிக்காமலே நடந்துவிடும். போன மாதம் ஒருநாள் அது நடக்கவில்லை. மகளோடு போனில் கதைத்துக்கொண்டே ஓடிவந்து ஏறியதால் இருக்கலாம், கண்டக்டரிடம் “பஸ் ஸ்டாண்டு ஒண்டு தாங்கோ” என்று கேட்டுவிட்டேன். அவர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“கேரளாவாம்மா நீங்க?”

“இல்லைங்க, இந்த ஊருதான்.”

“பேச்சு அப்டி தெரியலையே. கோயிலுக்கு வந்தீங்களா?”

“ஆமாங்க” என்றேன். அதற்கு மேல் விளக்கினால் பஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்கும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. எந்த நாட்டுப் பெண் என்று அந்தச் சீட்டு கேட்பதில்லை. திருவண்ணாமலையில் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்காத ஒரே காகிதம் அதுதான்.

மன்னார்ப் பேசாலையில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு என்னை நினைவிருக்க நியாயமில்லை. கோயிலுக்குப் பின்னால் மூன்றாவது வீடு, வலைக்காரர் செபஸ்தியானின் மூத்த மகள் ரெஜினா. பதினொரு வயதில் படகேறினேன். மன்னார்ப் பாதையில் இரண்டு நாள் குண்டுச் சத்தம் நிற்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் அப்பா கடற்கரையில் இருந்து ஓடிவந்து, “வெளிக்கிடுங்கோ, படகு நிக்குது” என்றார். அம்மா இடியப்பத்துக்கு அரிசி ஊறப்போட்டிருந்தார். அதை என்ன செய்வது என்று அவர் கேட்டதும், “ரெண்டு கிழமையில திரும்பி வந்திடுவம், மூடி வை” என்று அப்பா சொன்னதும் காதில் இருக்கின்றன. அம்மா உண்மையிலேயே தட்டைப் போட்டு மூடி, அதன்மேல் ஒரு கல்லையும் வைத்தார். பூனை தட்டிவிடாமல் இருக்க.

இராமேசுவரம், மண்டபம், பிறகு ஒரு லாரி. கடைசியில் எங்களை இறக்கிவிட்ட இடம் நிலக்கடலை வயல்களுக்கு நடுவில் இருந்தது. கடலே இல்லாத ஊர். மீன்பிடி தவிர எதுவும் தெரியாத அப்பா பெயின்ட் அடிக்கக் கற்றுக்கொண்டார். அம்மா கடலை பிடுங்கப் போனார். ஒருநாள் வயலில் கூட வேலைசெய்த பெண் கேட்டிருக்கிறாள்: “உங்க ஊருல இன்னாமோ சண்டையாமே, யாரு கூட?” அம்மா, “ஆமியோட” என்றார். அவளுக்குப் புரியவில்லை. “ஆர்மியிலயா? அப்போ உங்க வீட்டுக்காரரு பட்டாளத்துக்காரரா?” அம்மா இல்லை இல்லை என்று தலையாட்ட, அடக்கமாக மறுக்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஒரு வாரத்தில் அந்த ஊர் முழுக்க எங்களை மிலிட்டரிக் குடும்பம் என்று சொல்லத் தொடங்கிவிட்டது. கடைக்காரர் அப்பாவைப் பார்த்து விறைப்பாக சல்யூட் அடித்தார். அப்பா இருந்தவரைக்கும் நாங்கள் மனம்விட்டுச் சிரித்தது அந்த ஒரு விஷயத்துக்குத்தான். அப்பாவும் அம்மாவும் இப்போது இந்த மண்ணுக்குள்தான் இருக்கிறார்கள்.

நான் கிரிவலப் பாதையில் ஒரு லாட்ஜில் வேலை செய்கிறேன். அறைகளைச் சுத்தம் செய்யத்தான் சேர்ந்தேன். எழுதப் படிக்கத் தெரியும் என்பதால் வரவேற்பு மேசையில் உட்காரவைத்தார்கள். வெளிநாட்டுக்காரர் யார் வந்து தங்கினாலும் அவருடைய பாஸ்போர்ட் விவரங்களை உடனே போலீசுக்கு அனுப்ப வேண்டும். அந்த வேலை என்னுடையது. பிறந்த நாடு, வந்த தேதி, போகும் தேதி எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். ஏற்றிவிட்டு, முகாமில் அதிகாரிகள் பெயர் கூப்பிடும் நாளில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு ஓடுவேன். நானும் வெளிநாட்டுக்காரிதான். எனக்குப் போகும் தேதி என்ற கட்டம் மட்டும் கிடையாது.

போன பனிக்காலத்தில் டென்மார்க்கில் இருந்து ஒரு பெண்மணி வந்திருந்தார். சாவி வாங்கும்போது, “யூ ஆர் ஃப்ரம் ஹியர்?” என்று கேட்டார். ஏனோ அன்று பொய் வரவில்லை. “ஸ்ரீலங்கா” என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. போனவருடம்தான் போய்வந்தாராம். போனை எடுத்து, மஞ்சள் மணலையும் சாய்ந்த தென்னைகளையும் ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினார். “பியூட்டிஃபுல் பீச்! வென் ஆர் யூ கோயிங் ஹோம் ஃபார் ஹாலிடே?” எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், “நோ ஹாலிடே, மேடம்” என்றேன். அவர் எங்கள் முதலாளியிடம் போய், இந்தப் பெண்ணுக்கு ஏன் லீவு தருவதில்லை என்று சண்டை போட்டார்.

என் மகள் தர்சிகா பிறந்தது திருவண்ணாமலை அரசு ஆஸ்பத்திரியில். படித்தது இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில். பேச்சும் இந்த ஊர்ப் பேச்சு. நான் “சாப்பிட்டியா பிள்ளை” என்றால் “துன்னுட்டேம்மா” என்று வேண்டுமென்றே சொல்லிச் சிரிப்பாள். நர்ஸிங் படித்து முடித்தாள். கூடப் படித்த நான்கு பெண்கள் ஒரு ஏஜென்ட் மூலம் வளைகுடாவுக்குக் கிளம்பினார்கள். இவளுடைய மதிப்பெண்தான் அவர்களைவிட அதிகம். ஏஜென்ட் கேட்டது ஒன்றே ஒன்று, பாஸ்போர்ட்.

வேங்கிக்காலில் இருக்கும் கலெக்டர் அலுவலகத்துக்கு அவளை அழைத்துப் போனேன். மேசைக்கு அந்தப்பக்கம் இருந்தவர் நல்ல மனிதர். அவளை நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

“எங்கம்மா பொறந்த நீ?”

“இங்கதான் சார். ஜி.எச்.ல.”

“அப்போ நம்ம ஊரு பொண்ணு. ஒண்ணும் பிரச்சன இருக்காது, இரு.”

காகிதங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். வெகுநேரம் கழித்து வந்தவர், நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னார்.

“அப்பா அம்மா ரெண்டு பேருமே சிலோனா?”

“ஆமா சார்.”

“அப்டின்னா செல்லாதும்மா. இங்க பொறந்திருந்தாலும் ரூல் அப்டித்தான் இருக்குது. நான் இன்னா பண்றது, சொல்லு.”

“அப்போ நான் எந்த ஊரு சார்?”

அவர் காகிதங்களை மடித்து அவளிடமே நீட்டினார். பக்கத்து மேசைக்காரர் எங்கோ பார்த்தார். தர்சிகா வீட்டுக்கு வந்து, பள்ளிக்கூடத்தில் சுதந்திர தினப் பேச்சுப் போட்டியில் வாங்கிய கோப்பையைப் பரணில் தூக்கிப் போட்டாள். அது உருண்டு மூலைக்குப் போன சத்தம் கேட்டது.

இலங்கைக் குடியுரிமை எடுக்கலாம் என்று முகாமில் யாரோ சொன்னார்கள். இலங்கைப் பெற்றோருக்கு இங்கே பிறந்த பிள்ளைகள் சென்னையில் உள்ள இலங்கைத் தூதரக அலுவலகத்தில் பதிந்துகொள்ளலாம். இலங்கைக்குப் போய், பாஸ்போர்ட் எடுத்து, அங்கிருந்தே வளைகுடாவுக்குப் போய்விடலாம். தர்சிகா அதைப் பிடித்துக்கொண்டாள். பிறப்புச் சான்றிதழில் அவள் பெயர் ‘தர்ஷிகா’, முகாம் அட்டையில் ‘தர்சிகா’. அந்த ஓர் எழுத்துக்காக இரண்டு வருடம் அலைந்தோம். நடுவில் கொரோனா வேறு. எல்லாம் கூடிவந்தபோது என் கணவரிடம், நாங்களும் கூடவே போய்விடலாம் என்று கேட்டுப் பார்த்தேன். சண்டைக் காலத்தில் அவருடைய அண்ணன் சைக்கிளில் வலை நூல் வாங்கப் போனவர், சோதனைச் சாவடியில் இறக்கி நிறுத்தப்பட்டார். அவ்வளவுதான் தெரியும். “அண்ணன் எங்கே எண்டு அவங்கள் சொல்லட்டும், அதுக்குப் பிறகு வாறன்” என்றார் என் கணவர். இருபத்தைந்து வருடமாக அவர் சொல்லும் ஒரே பதில்.

ஆகவே அவள் தனியாகப் போனாள். வெளியேறும் அனுமதிச் சீட்டில் ஒருமுறை கையெழுத்திட்டால் அகதிப் பதிவு அழிந்துவிடும். விமான நிலையத்து வாசலில் அவள் என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை. “ரெண்டே வருசம்மா. சம்பாதிச்சிட்டு உங்களப் பாக்க டூரிஸ்ட்டா வரேன். உங்க லாட்ஜிலயே ரூம் போடுவேன், நீயே எழுது” என்றாள். கண்ணாடிக் கதவு அவளை உள்ளே வாங்கிக்கொண்டது. நானும் சிரித்துக்கொண்டுதான் நின்றேன்.

அவள் போய் ஆறு மாதத்தில் அந்த நாடு கவிழ்ந்தது. பெட்ரோலுக்கு வரிசை, காஸுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. கொழும்பில் ஜனங்கள் மாளிகைக்குள் புகுந்ததையும் ஜனாதிபதி நாட்டைவிட்டு ஓடியதையும் நீங்கள் நேரில் கண்டவர்கள். நான் லாட்ஜ் டி.வி.யில் பார்த்தேன். நீச்சல் குளத்தில் குதிக்கிறவர்களைக் காட்டினார்கள். என் மகள் அப்போது பேசாலையில் என் சித்தி வீட்டில், விறகு பொறுக்கிச் சமைத்துக்கொண்டிருந்தாள். இந்திய நர்ஸிங் சான்றிதழ் அங்கே செல்ல வேண்டுமென்றால் தனியாக ஒரு பரீட்சை எழுத வேண்டும். பரீட்சை நடக்கவில்லை. வளைகுடாவுக்கோ, சான்றிதழை இந்தியாவில் உறுதிசெய்து வாங்க வேண்டும். அதற்கு அவள் இந்தியா வர வேண்டும். விசா கேட்டு இரண்டு முறை போட்டாள், இரண்டு முறையும் மறுத்துவிட்டார்கள். காரணம் எழுதவில்லை.

அங்கே அவளுக்கு இந்தியாக்காரி என்று பெயர். கடையில் “சக்கரை கம்மியா போடுங்க” என்று அவள் சொன்னால் பிள்ளைகள் சினிமாக்காரி என்று கூச்சல் போடுமாம். அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு ஒருநாள் சிரிக்கவில்லை. பகல் இரண்டு மணி, லாட்ஜில் ஆட்கள் வந்து காத்திருந்தார்கள்.

“அம்மா, பக்கத்து வீட்டுல குடும்பத்தோட படகுல கெளம்புறாங்க. தனுஷ்கோடிக்கு. எனக்கு எடம் இருக்குன்றாங்க. வந்துடட்டுமா?”

அப்படி வருகிறவர்களை அகதியாகவும் பதியாமல், திருப்பி அனுப்பவும் செய்யாமல் மண்டபத்திலேயே வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். கடல்நடுவே மணல்திட்டில் இறக்கிவிட்டுப் போன படகோட்டிகளின் கதையும் தெரியும். இந்த நாட்டில் பிறந்த பெண் இந்த நாட்டுக்குள் கள்ளமாக நுழைந்தாள் என்று வழக்காகிவிட்டால், பிறகு அவளுக்கு எந்தக் கதவுதான் திறக்கும்?

“வராத பிள்ளை” என்றேன்.

“அம்மா, இங்க ஜாஸ்தி நாளு இருக்க முடியாதும்மா என்னால.”

“வராத எண்டு சொல்லுறன். அந்தப் படகில கால் வைக்காத.”

அவள் போனை வைத்துவிட்டாள். எனக்கு அப்பாவின் நினைவு வந்தது. அவர் எங்களைப் படகில் ஏற்றினார், நான் என் பிள்ளையைப் படகில் ஏறாதே என்றேன். இரண்டில் எது சரி என்று இன்றுவரை தெரியவில்லை. அந்தப் படகு பத்திரமாகக் கரை சேர்ந்தது என்று பிறகு அறிந்தேன். அதில் போனவர்கள் மண்டபத்தில்தான் இருக்கிறார்கள். இருந்தாலும் அவர்கள் ஒன்றாக இருக்கிறார்கள்.

அன்று நான் அழுததைப் பார்த்து, கூட வேலை செய்யும் செல்வி கீழ்பென்னாத்தூரில் இருந்து கொண்டுவந்த வேர்க்கடலையை என் கையில் திணித்தாள். “இன்னாத்துக்குக்கா அழுவுற? உன் பொண்ணு உங்க சொந்த ஊருக்குத்தான போயிருக்குது. நல்லதுதான?” அவள் மனதார ஆறுதல் சொன்னாள். அவளுக்கு விளக்க நினைத்து வாயைத் திறந்தேன். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் கடலையை உடைக்கத் தொடங்கினேன்.

இப்போது அங்கே வரிசைகள் குறைந்துவிட்டன. தர்சிகா மன்னாரில் ஒரு மருந்துக் கடையில் நிற்கிறாள். வளைகுடாவைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள். வயது இருபத்தைந்தாகிவிட்டது. மாப்பிள்ளை பார்க்கவா என்று சித்தி கேட்கிறார். தாய் தகப்பன் இல்லாமல் பந்தலில் நிற்கமாட்டேன் என்கிறாள். எங்களை இந்தியக் குடிமக்களாக எடுத்துக்கொள்ளப் போகிறார்கள் என்று தேர்தலுக்குத் தேர்தல் ஒரு பேச்சு கிளம்பும், முகாமில் போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். முதல் இரண்டு முறை நான் புதுச்சேலை கட்டிக்கொண்டு நின்றேன். இப்போதெல்லாம் கட்டியிருக்கும் சேலையோடே போய் நின்றுவிட்டு வருகிறேன்.

போன ஞாயிறு சாயங்காலம் வீடியோவில் கூப்பிட்டாள். கடற்கரைக்கு வந்திருந்தாள்.

“அம்மா, மலையக் காட்டும்மா. பாத்து ரொம்ப நாளாச்சு.”

முகாமின் தண்ணீர்த் தொட்டிப் படியில் ஏறி நின்று, கேமராவைத் திருப்பி, போனை உயர்த்திப் பிடித்தேன். அவளுக்கு அண்ணாமலை தெரிந்தது. எனக்கு அவள் முகம் தெரிந்தது. முகத்துக்குப் பின்னால், காது ஓரமாக, கொஞ்சம்போல எங்கள் கடல். நாங்கள் படகேறிய அதே துறைதான், ஒரு நீலக் கீற்று மட்டும் தெரிந்தது.

“கைய ஆட்டாதம்மா, மலை சரியா தெரியல. கொஞ்சம் தள்ளிப் புடி.”

தள்ளிப் பிடித்தேன். அவள் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். நீயும் கொஞ்சம் விலகி நில்லு பிள்ளை, எனக்குக் கடல் தெரியேல்லை என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பெற்ற மகளைப் பார்த்து, விலகு என்று எப்படிச் சொல்வது? கை வலிக்க வலிக்க மலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.