சிரிக்காத அங்கிள் ஜெராக்ஸ்

எங்கள் கடைக்கு இப்படி ஒரு பெயர் இருப்பதே என் தம்பி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவன் கடலூரில் இருக்கிறான், செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனியில் வேலை. காலையில் கம்பெனி பஸ்ஸில் போனை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே போனவன் கண்ணில் அந்த வீடியோ பட்டிருக்கிறது. உடனே கூப்பிட்டான்.

"அக்கா, மாமா ஃபேமஸ் ஆயிட்டாரு. லிங்க் அனுப்புறேன், பாரு. ஆனா மாமாகிட்ட காட்டாத."

அந்தக் கடைசி வார்த்தைக்காகவே, என் கணவர் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து லிங்கைத் திறந்தேன்.

சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் போகிற சாலையில் எங்கள் ஜெராக்ஸ் கடை. வரிசையாக அதே மாதிரி இன்னும் நாலைந்து கடைகள். எங்கள் பலகையில் இருப்பது மகளின் பெயர். அவள் பிறந்த வருஷம் ஆரம்பித்த கடை. முன்பெல்லாம் பிள்ளைகள் பென் டிரைவோடு வந்து, எங்கே கூட்டம் குறைவோ அங்கே நுழைவார்கள். இப்போது ஹாஸ்டல் கட்டிலில் படுத்தபடியே மேப்பில் நட்சத்திரம் பார்த்து, வாட்ஸ்அப்பில் ஃபைலை அனுப்பிவிட்டு, பைண்டிங் முடிந்தபிறகு எடுத்துப்போக மட்டும் வருகிறார்கள். பலகையை நிமிர்ந்து பார்க்க யாருக்கும் அவசியம் இல்லை. மேப்பில் எங்கள் கடைக்கு யாரோ ஒரு பிள்ளை வைத்த பெயர்தான் 'சிரிக்காத அங்கிள் ஜெராக்ஸ்'.

வீடியோவில் ஒரு பையன் என் கணவரிடம் ஜோக்குமேல் ஜோக்காகச் சொல்கிறான். அவர் ஸ்பைரல் கம்பியைச் சுற்றிச் சுற்றி ஏற்றிக்கொண்டே, "எத்தன காப்பி?" என்கிறார். முகத்தில் ஒரு அசைவும் இல்லை. அவ்வளவுதான் வீடியோ. அதற்குக் கீழே விழுந்து விழுந்து சிரிக்கும் பொம்மைகளாகப் போட்டிருந்தார்கள்.

அவர்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஒரு காலையில் வாய் கொப்பளிக்கும்போது அவருக்குத் தண்ணீர் ஒருபக்கமாக வழிந்தது. முகவாதம். பலருக்குச் சில மாதங்களில் முழுசாகச் சரியாகிவிடுமாம். இவருக்கு முக்கால்வாசிதான் ஆனது. பேசும்போது தெரியாது. சிரித்தால் வலப்பக்கம் மேலே ஏறும், இடப்பக்கம் அப்படியே நிற்கும். ஒருநாள் கடையில் ஏதோ பேச்சுக்குச் சிரித்தபோது, ஒரு குழந்தை மிரண்டு தன் அம்மாவின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அதிலிருந்து வெளியாட்கள் முன்னால் சிரிப்பதை விட்டுவிட்டார்.

வீடியோவை நான் மறைத்தேன். கூட்டத்தை மறைக்க முடியவில்லை. புதுமுகங்கள் வந்தன. ஒரே ஒரு பக்கம் பிரிண்ட் எடுக்க மூன்று பேர் வந்தார்கள். ஒரு மத்தியானம் பார்சல் கொண்டு வந்தவர் வாசலில் நின்று, "சிரிக்காத அங்கிள் ஜெராக்ஸ் இதானேங்க?" என்று கேட்டார். என் கணவர் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எடு போன."

காட்டினேன். வீடியோவை இரண்டுமுறை பார்த்தார். மேப்பில் எழுதியிருந்ததை எல்லாம் படிக்கச் சொன்னார். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். 'அங்கிள் சிரிக்க மாட்டார், ஆனா என் தீசிஸ்ல ஒரு பக்கம் தலைகீழா இருந்தத அவரே கண்டுபிடிச்சு மாத்தினார்.' 'டிஸ்கவுன்ட் கேட்டுறாதீங்க, ஒரு பார்வை பாப்பார், செத்தோம்.' 'வேலை நல்லா இருக்கு, ஆனா ஆளு திமிர்' என்று ஒருவர் எழுதியிருந்தார். அதை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னார்.

"திமிருன்னு நெனச்சிக்கிட்டாங்களா" என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெஷின் பக்கம் திரும்பினார்.

அன்று மகளுக்குப் போன் போட்டோம். அவள் சென்னையில் ஒரு விளம்பரக் கம்பெனியில் இருக்கிறாள்.

"அந்தப் பேர எடுத்துடும்மா. கடைக்கு உன் பேருதான வச்சிருக்கேன்" என்றார்.

"எடுக்கலாம்ப்பா, நம்ம கடைதான்னு வீடியோ எடுத்து அனுப்பி ப்ரூவ் பண்ணணும். ஆனா யோசிச்சு சொல்லுங்க. ஒரு பேர ஜனங்க வாயில ஏத்துறதுக்கு நாங்க எத்தன பேரு இங்க மண்டைய ஒடைச்சிக்கிறோம் தெரியுமா? உங்களுக்கு சும்மா வந்துருக்கு."

அவர் யோசிக்கிறேன் என்றார். நான்தான் பொறுக்கவில்லை. மகள் சொல்லிக்கொடுத்தபடி கடையை எங்கள் கணக்கில் சேர்த்த மறுநாளே, அந்தத் 'திமிர்' என்று எழுதியவருக்குக் கீழே நானே பதில் போட்டேன். என் கணவருக்கு முகத்தில் நரம்புப் பிரச்சினை, அதனால்தான் சிரிப்பதில்லை, தயவுசெய்து தப்பாக நினைக்காதீர்கள் என்று. அவரிடம் கேட்கவில்லை. நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

இரண்டே நாளில் பிள்ளைகள் வேறு மாதிரி வந்தார்கள். குரலைத் தணித்துப் பேசினார்கள். "மெதுவா பண்ணுங்க அங்கிள், அவசரம் இல்ல." ஒரு பெண் பேப்பர் கட்டை அவர் கையிலிருந்து வாங்கி, தானே உள்ளே கொண்டுவந்து வைத்தாள். ஒரு பையன் புதுச்சேரியில் ஒரு டாக்டர் இருப்பதாகச் சொல்லி நம்பர் எழுதிக் கொடுத்தான். யாரும் ஜோக் சொல்லவில்லை.

கடையில் யாரும் இல்லாத நேரத்தில் அவர் மெஷினை அணைத்துவிட்டுச் சொன்னார்: "யாரோ என் மூஞ்சியப் பத்தி சொல்லியிருக்காங்க."

"நான்தாங்க."

அவர் கத்தியிருந்தால் தேவலாம். அந்த நம்பர் எழுதிய சீட்டை மடித்துக்கொண்டே பேசினார். "சிரிக்காதவன்னா அது என் கொணம்னு போயிடும். திமிருன்னா கூட போவட்டும். அதுல ஒரு கெத்து இருந்துது. இப்ப நோயாளிய பாக்குற மாதிரி பாக்குறாங்க."

அன்றே அந்தப் பதிலை அழித்தேன். ஆனால் அதற்குள் அதைப் படித்தவர்கள் படித்ததுதான். ஒரு வாரம் என்னிடம் கடைப் பேச்சு மட்டும் பேசினார். ஏ4 தீர்ந்துபோச்சு, டோனர் சொல்லிடு. சாப்பாடு போட்டால் சாப்பிட்டார்.

அந்த வாரக் கடைசியில் கடலூரில் தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசம். போட்டோ எடுக்க எல்லோரையும் வாசலில் நிறுத்தினார்கள். இவர் வழக்கம்போல் ஓரமாக ஒதுங்க, தம்பி கையைப் பிடித்து நடுவில் இழுத்து விட்டான். போட்டோக்காரர் கேமராவைத் தாழ்த்தி, "சார், கொஞ்சம் சிரிங்க சார்" என்றார்.

விஷயம் தெரிந்த எங்கள் ஆட்கள் எல்லோரும் சட்டென்று அவர் முகத்தைப் பார்த்தார்கள். "விடு தம்பி, அப்பிடியே எடு" என்று என் தம்பி அவசரப்பட்டான்.

என் கணவர் கையைக் காட்டி அவனை நிறுத்திவிட்டு, போட்டோக்காரரைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, நான் யாருன்னு தெரியாதா உனக்கு? சிரிக்காத அங்கிள். போன்ல தேடிப் பாரு, வரும்."

போட்டோக்காரர் ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். "ஐயோ, சிதம்பரம் ஜெராக்ஸ் அங்கிளா! என் புராஜெக்ட்ட நீங்கதான் சார் பைண்டிங் போட்டீங்க!"

வாசலே சிரித்தது. தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டான். அந்த நேரம் பார்த்து எடுத்த படம் அது. எல்லோரும் வாய் திறந்து சிரிக்க, நடுவில் இவர் மட்டும் சட்டைக் காலரை இழுத்துவிட்டபடி கலெக்டர் மாதிரி நிற்கிறார். மகள் அதில் அவரை மட்டும் வெட்டி எடுத்து மேப்பில் கடைக்குப் போட்டாள். பெயரை என்ன செய்வது என்று கேட்டாள்.

"பலகையில உன் பேரு இருக்கட்டும். போன்ல அவுங்க வச்சதே இருக்கட்டும்" என்றார்.

சாயங்காலம் சிதம்பரம் பஸ்ஸில் திரும்பினோம். எனக்கு ஜன்னலோரம் விட்டுவிட்டு உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் போனபிறகு, முன் சீட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எழுதுறதுக்கு முன்னாடி என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

"கேட்டிருக்கணும்" என்றேன்.

புதுச்சத்திரத்தில் பஸ் நின்றபோது ஜன்னல் வழியாக அவித்த வேர்க்கடலை வாங்கினார். தோலை உரித்து, பருப்பை என் உள்ளங்கையில் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே வந்தார்.