சென் அங்கிளின் சமையலறையில் முந்திரி இல்லை

செவ்வாய்க்கிழமை மதியம் ஃப்ரீவேயில் நகராமல் நின்ற காருக்குள் இருந்தபோது மே அழைத்தாள். சென் அங்கிளின் ஒரே மகள். அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார் என்றாள். ஆறுதலாக நான் என்ன சொன்னேனோ, நினைவில்லை. அழுகைக்கு முன்னால் பயம்தான் வந்தது. என் மகள் யாழினி அடுத்த மாதம் டெக்சாஸுக்குப் படிக்கப் போகிறாள். அவளுக்கு முந்திரி ஆகாது. ஒரு துணுக்கு பட்டாலே தொண்டை அடைத்துக்கொள்ளும். வெளியே அவளை நம்பிச் சாப்பிடவிட்ட ஒரே இடம் அவருடைய சீனச் சாப்பாட்டுக் கடை.

இங்கே மௌரி அவென்யூ பக்கம் இருக்கும் தமிழர்களான உங்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இளவயதில் குவாங்டாங்கிலிருந்து வந்து, உறவினர் கடையில் பாத்திரம் தேய்த்து, பிறகு சொந்தக் கடை போட்டவர். மனைவி கல்லாவில் இருப்பார். மே மூலை மேசையில் ஹோம்வொர்க் செய்வாள். கூட்டமில்லாத நாட்களில் நம்மை ஜன்னலோரமாக உட்காரவைப்பாரே, அது எதற்குத் தெரியுமா? தெருவில் போகிறவர்கள் காலிக் கடை என்று நினைத்துவிடக் கூடாதாம். நாளைக்கு யாருமே வராமல் போய்விடுவார்களோ என்ற கவலை அந்த மனுஷனைக் கடைசிவரை விடவில்லை. வீட்டுக்குக் கிளம்பியவர் பாதி வழியில் காரைத் திருப்பிக்கொண்டு வந்து, அடுப்பை அணைத்தோமா என்று பார்ப்பார்.

யாழினிக்கு நாலு வயதிருக்கும்போது முதலில் அங்கே போனோம். நான் கேட்ட கேள்விகளுக்கு வேறு கடைக்காரராக இருந்தால் முகம் சுளித்திருப்பார். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, அன்று வெறும் சோறும் வேகவைத்த காய்கறியும் கொடுத்தார். அடுத்த முறை போனால் மெனுவில் முந்திரி போட்ட அயிட்டங்கள் எல்லாம் அடிக்கப்பட்டிருந்தன. நன்றாக விற்றுக்கொண்டிருந்தவை. எனக்குச் சங்கடமாகிவிட்டது. "அது உள்ளே இருந்தால் எனக்குக் கை நடுங்கும்" என்றார், அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட சமையலறைக்குள் முந்திரியைக் கொண்டுபோய்ச் சேர்த்தது நம் ஆட்கள்தான். ஒரு தீபாவளி வாரம், யாரோ ஒரு தமிழ்க் குடும்பம் ஆசையாக காஜு கத்லி பெட்டியை நீட்டியிருக்கிறது. உணவைக் கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்கி, கொடுத்தவர் எதிரிலேயே ஒரு வாய் சாப்பிடுவது அவர் வழக்கம். சமையல்காரர்களும் ஆளுக்கொன்று எடுத்திருக்கிறார்கள். அது எதனால் செய்தது என்று அவர் கேட்டுத் தெரிந்துகொண்ட கொஞ்ச நேரத்தில் நாங்கள் உள்ளே நுழைந்தோம். யாழினியின் பிறந்தநாள் அன்று.

கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு எட்டவே நின்றார். "இன்று உங்களுக்குச் சமைக்க மாட்டேன். போய்விடுங்கள்."

விஷயத்தைக் கேட்டதும் என் கணவருக்கு எரிச்சல். "கையை வாஷ் பண்ணிட்டா போதாதா? உன்னை மாதிரியே இன்னொரு டென்ஷன் பார்ட்டி" என்று என் காதருகே முணுமுணுத்தார். குழந்தை அழுதாள். அங்கிள் அசையவில்லை. எனக்கும் உள்ளுக்குள் கோபம்தான், மறைப்பானேன்.

சாயங்காலம் அவரிடமிருந்து போன். குழந்தை நன்றாக இருக்கிறாளா என்று கேட்டார். அங்கே அவள் எதுவும் சாப்பிடவே இல்லையே அங்கிள் என்றேன்.

"கதவைத் தொட்டாள்" என்றார். "அதற்கு முன்னால் நானும் தொட்டிருந்தேன்."

கதவைப் பற்றி எனக்கே தோன்றவில்லை. போனை வைத்துவிட்டு அன்றுதான் வாய்விட்டு அழுதேன்.

டாக்டர், மாமியார், கணவர் எல்லோரும் என்னிடம் சொல்வது ஒன்றுதான்: பயப்படாதே. இப்போது யாழினியும் சேர்ந்துகொண்டாள். பெட்டி கட்டிக்கொண்டே, "அம்மா, யூ வொர்ரி டூ மச்" என்கிறாள். சென் அங்கிள் ஒருவர்தான் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. கூடவே பயந்தார். என் பயம் பைத்தியக்காரத்தனம் இல்லை என்ற தெம்பு அவர் கொடுத்தது. அதை நான் வைத்துக்கொள்கிறேன். ஆனால் அங்கிள், அடுத்த மாதத்திலிருந்து அவளுக்காக நான் ஒருத்தியே பயப்பட வேண்டும்.