எட்டே முக்காலுக்குச் சொல்லாதது

மூன்று வாரமாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று சிலர் கார்டு போட்டிருந்தீர்கள். வழக்கம்போல ஏதோ ஒரு வியாதியைக் கற்பனை பண்ணிக்கொண்டு நான் படுத்துவிட்டதாக நினைத்திருப்பீர்கள். இந்த முறை படுத்தது நான் இல்லை. சபாபதி.

சபாபதி யார்? வங்காளத்தில், கிடர்பூரில் என் மளிகைக் கடைக்கு எதிர்வீடு. துறைமுக ஆபீஸில் ஹெட் கிளார்க். நான் எட்டாவதோடு நின்றவன் – எதை எழுதினாலும் முதலில் அவர் கைக்குத்தான் போகும். ஆபீஸ் கிளம்பும் முன் கடையில் உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டே சிவப்புப் பேனாவால் பாதியை அடிப்பார். "இது புலம்பல்வே. இதுவும் புலம்பல்." நீங்கள் இத்தனை வருஷம் படித்தது அந்த மிச்சப் பாதி.

எனக்குப் பயம் ஜாஸ்தி. அவருக்கு பிரஷர் ஜாஸ்தி. எதிரெதிரே இருந்தால் என்ன ஆகும்? ஒருநாள் அவர் வாய் கோணியிருந்ததைப் பார்த்து, டாக்ஸியில் போட்டு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். விசாரித்தால்... பல் பிடுங்கப் போட்ட ஊசியாம். அவர் ஆபீஸே சிரித்தது.

"இனிமே என் உடம்பைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டீருன்னா, உம்ம கட்டுரையைத் தொட மாட்டேன், பாத்துக்கிடும்."

"கேக்கலவே. சத்தியம்."

அடுத்த மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பேனா அவர் கையிலிருந்து நழுவியது. எடுத்தார். மறுபடி நழுவியது. ஒரு வரியை அடிக்கப் போன கோடு சரிந்து தாளின் ஓரம் வரை போனது. டீ உதட்டோரம் வழிந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன் – பயந்தவனின் பழக்கம். எட்டே முக்கால்.

கேள்வி வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவருக்கா தெரியாது?

"என்னவே பாக்கீரு? கேளும் பாப்போம்."

"ஒண்ணுமில்ல. டீ ஆறுது."

சிரித்துக்கொண்டே போனார். சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்ட பெருமை எனக்கு.

பன்னிரண்டு மணிக்கு ஆபீஸ் நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டார். அவர் மனைவி கோமதியோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வலது கை வரவில்லை. பேச்சும் வரவில்லை.

வங்காளி டாக்டர், சின்ன வயசு. மூளைக்குப் போகிற குழாயில் அடைப்பு என்றார். உறைந்த ரத்தத்தைக் கரைக்க ஒரு மருந்து. அதுவரை மூளை சாகாமல் காக்க இன்னொன்று. காக்கிற மருந்தைத் தனியாகக் கொடுத்துப் பெரிதாகப் பலன் இல்லை, இப்போது இரண்டையும் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கிறோம் என்றார். எனக்குக் கடைக் கணக்கில்தான் புரிந்தது – குடோனில் தீப்பிடித்தால் அணைக்க ஓர் ஆள், மூட்டையை வெளியே இழுக்க ஓர் ஆள்.

ஆனால் அடைப்பு ஆரம்பித்து மூன்று மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். தாண்டிவிட்டால் கரைக்கிற மருந்தே மூளைக்குள் ரத்தம் கசியவைக்கலாம்.

"எத்தனை மணி வரைக்கும் நல்லா இருந்தார்?"

"பதினொன்றரைக்கு என்கூட ஃபைல் பார்த்தாரே" என்றார் ஆபீஸ்காரர் ஒருவர். டாக்டர் எழுதிக்கொண்டார். கோமதி சம்மதக் கையெழுத்தும் போட்டுவிட்டாள்.

"மருந்து இருக்குன்னுட்டாக, அண்ணாச்சி."

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமா? காலையில் அதைத்தானே செய்தேன்... ஆனால் ரத்தம் என்ற சொல் காதிலேயே நின்றது.

சொன்னேன். பேனா நழுவியது, கோடு சரிந்தது, எட்டே முக்கால் – எல்லாவற்றையும்.

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றாகப் பத்து நிமிஷம். அடைப்பு காலையிலேயே ஆரம்பித்துவிட்டது, நாலு மணி நேரம் தாண்டிவிட்டது என்றார். எழுதியதை அடித்தார். "சொன்னது நல்லது" என்றார். காக்கிற மருந்தை மட்டும் ஏற்றினார்கள். தீயை அணைக்க ஆளில்லாத குடோனில் ஒற்றை ஆள் எத்தனை மூட்டையை இழுப்பான்?

மருந்து ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள் கோமதி. பிறகு கேட்டாள். "ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் நாள் பூரா கேப்பீகளே அண்ணாச்சி. இன்னைக்கு மட்டும் ஏன் கேக்கல?"

எல்லாவற்றுக்கும் பயந்த நான், அன்றைக்குப் பார்த்துக் கேலிக்குப் பயந்தேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? என்னைப் போன்றவர்களே... தயவுசெய்து கேளுங்கள். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

இதை நேற்று சபாபதிக்குப் படித்துக் காட்டினேன். சிவப்புப் பேனாவை அவர் இடது கையில் வைத்தேன்.

முழுக்கப் புலம்பல். ஒரு வரியைக்கூட அவர் அடிக்கவில்லை.