கை உயர்த்தி முடிவுசெய்த பறவை

1997 ஜனவரி 12, காலை 8.40, நியூசிலாந்து, மனுக்காவ் கரை. ஆலாப் பறவைகள் ஏழு.

ஏழுமே லிட்டில் டெர்ன் என்ற ஆலா வகை. அலகு நுனி கறுப்பு; கண்ணருகே ஓடும் கறுப்புக் கோடு அலகைத் தொடுகிறது. பார்க்க அதேபோலிருக்கும் ஃபெய்ரி டெர்னுக்கு இரண்டுமே கிடையாது.

பறவை எண்ணும் எங்கள் குழுவின் தலைவர் சிவா அண்ணை வாக்கெடுப்பு நடத்தினார்.

"தம்பி, நாலு பேர் ஃபெய்ரி எண்டு கை தூக்கிட்டினம். நீர் ஒராள்தான்."

"பறவை எலெக்சன் கேக்குதோ, அண்ணை?"

"ஓம், உமக்குத்தான் எல்லாம் தெரியும்." கணக்குத் தாளில் ஏழு ஃபெய்ரி என்று எழுதிவிட்டார்.

நாட்டில் மிஞ்சியிருக்கும் ஃபெய்ரிகள் மிகச் சில. இந்தத் தாளை நம்பினால் வனவிலங்குத் துறையினர் கூடு காக்கும் காவலாட்களை இங்கே அனுப்புவார்கள். வடக்கேயுள்ள உண்மையான கூடுகளை எலிகள் பார்த்துக்கொள்ளும்.

ஆகவே:

1. நாளை காலை திருத்தத்தை நானே துறைக்கு ஃபேக்ஸ் செய்வேன்.
2. அண்ணையிடம் பிறகு சொல்வேன்.
3. அடுத்த ஞாயிறு மறுபடி எண்ணுவேன். வருபவர்கள் தொலைநோக்கி கொண்டுவரவும். அபிப்பிராயம் வீட்டிலேயே இருக்கட்டும்.